காவடிச் சிந்து தந்த கவிஞர்

முருகன் கோவிலுக்குக் காவடி போகிறது. தோளில் பாரம். காலில் கொப்புளம். ஆனாலும், பாட்டைக் கேட்டதும் கால்கள் தாமாகவே துள்ளுகின்றன! அதுதான் காவடிச் சிந்து. வழிநடையில் பாடிய அந்தச் சிந்தைப் புலவர்களும் போற்றும் இலக்கியமாக உயர்த்தியவர் ஓர் இளைஞர். அவர் பெயர் அண்ணாமலை ரெட்டியார்.

தமிழ்ப் பசி

சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளம் என்ற சிற்றூரில் 1865-ம் ஆண்டு அவர் பிறந்தார். சிறு வயதிலேயே தமிழ் மீது தணியாத ஆசை. அந்த ஆசை அவரைத் திருவாவடுதுறை மடம் வரை இழுத்துச் சென்றது. அங்கே சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவு கிடைத்தது. உ.வே.சாமிநாதய்யரிடமும் பாடம் கேட்டார்.

வள்ளல் கிடைத்தார்

ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் தமிழ்ப் புலவர்களை ஆதரித்தவர். ரெட்டியாரைத் தம் அவைப் புலவராக வைத்துக்கொண்டார். கழுகுமலை முருகனுக்கு ஜமீன்தார் காவடி எடுத்துச் சென்றபோது, ரெட்டியாரும் உடன் நடந்தார். நடைக்கு ஏற்ற தாளத்தில் பாட்டுகள் பிறந்தன! ஊரின் அழகு, கோவிலின் சிறப்பு, முருகனை எண்ணி ஏங்கும் பெண்ணின் துயரம் எல்லாம் அவற்றில் உண்டு. சந்தம் துள்ளும், எதுகை கொஞ்சும்.

ஒரு மெட்டு, பல குரல்

நல்ல மெட்டு ஓரிடத்தில் நிற்குமா? ஜமைக்கா தீவில் ஒரே தாளக்கட்டை எடுத்துக்கொண்டு, பல பாடகர்கள் தத்தம் சொற்களைப் பாடுவார்கள். அதை அங்கே 'ரிடிம்' என்பார்கள். நம் நாட்டிலோ, அந்த வழக்கம் அதற்கு வெகு காலம் முன்பே உண்டு. பாட்டுப் புத்தகங்களில் இன்ன மெட்டு என்று மேலே அச்சிட்டு, கீழே புதிய பாட்டைத் தருவார்கள். காவடிச் சிந்தும் அப்படிப் பரவிய மெட்டுதான். கழுகுமலைக்கு அருகே எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்த பாரதியார், சிந்து வகைகளைக் கையாண்டு தேச விடுதலையைப் பாடினார். காவடிச் சிந்து கச்சேரி மேடை ஏறியது. பரத நாட்டியத்திலும் புகுந்தது. கடல் கடந்து தமிழர்களோடு மலேசியாவுக்கும் சென்றது.

இளம் வயதில் மறைவு

இத்தனையையும் காண ரெட்டியாருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1891-ல் அவர் காலமானார். அப்போது வயது 26 தான்!

பாட்டு வாழ்கிறது. பாடியவர் பெயர்தான் பலருக்குத் தெரியவில்லை. அடுத்த முறை காவடிப் பாட்டுக் கேட்கும்போது, சென்னிகுளத்து இளைஞரைப் பற்றி உங்கள் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.