சாலைப் பணியாளர் முதல் பிரதமர் வரை: நார்வே தலைவர் கெர்ஹார்ட்சன்

நார்வே பிரதமராக ஏறத்தாழ 17 ஆண்டுகள் பதவி வகித்த தொழிலாளர் கட்சித் தலைவர் ஐனார் கெர்ஹார்ட்சன், 1897-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதி ஆஸ்கர் என்னும் ஊரில் பிறந்தார்.

இளமையில் சாலைப் பணியாளராக இருந்த அவர், தொழிற்சங்கம் வழியாக அரசியலுக்கு வந்தார். நாஜி ஜெர்மனி நார்வேயை ஆக்கிரமித்திருந்த காலத்தில், 1941-இல் கைது செய்யப்பட்டு ஜெர்மனியின் சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் அடைக்கப்பட்டார்.

1945-இல் நாடு விடுதலை அடைந்ததும் பிரதமரானார். போரில் சிதைந்த நாட்டின் மறுகட்டமைப்புக்கும் மக்கள் நலத் திட்டங்களுக்கும் தலைமை தாங்கினார். 1949-இல் அவரது ஆட்சியில்தான் நார்வே நேட்டோவில் இணைந்தது. எனினும், அமைதிக் காலத்தில் தனது மண்ணில் அணு ஆயுதங்களை நிறுத்த அது இடமளிக்கவில்லை.

1962 நவம்பரில், ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் அரசுக்குச் சொந்தமான நிலக்கரிச் சுரங்கத்தில் நேரிட்ட வெடிவிபத்தில் 21 பேர் உயிரிழந்தனர். பாதுகாப்புக் குறைபாடுகளுக்கு அரசே பொறுப்பு என எதிர்க்கட்சிகள் குற்றஞ்சாட்டின. 1963 ஆகஸ்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் 76-74 என்ற வாக்குகளில் நிறைவேறியது. தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவரின் ஆட்சி, தொழிலாளர்களின் மரணத்துக்குப் பொறுப்பேற்று விலக நேர்ந்தது.

அடுத்து அமைந்த அரசு ஒரு மாதத்துக்குள் கவிழவே, மீண்டும் பிரதமரான கெர்ஹார்ட்சன் 1965 வரை பதவியில் நீடித்தார். நாட்டின் தந்தை எனப் போற்றப்பட்ட அவர், 1987 செப்டம்பர் 19-ஆம் தேதி தமது 90-ஆவது வயதில் காலமானார்.