நீதி கற்றும் நீதி மறந்தவர்

கொன்சாலோ ஹிமெனெஸ் தெ கெசாதா ஸ்பெயின் நாட்டு வழக்கறிஞர். 1536ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள சாந்தா மார்த்தாவிலிருந்து பெரும்படையுடன் உள்நாடு நோக்கிப் புறப்பட்டார். பசியாலும் நோயாலும் பலர் மடிந்தனர். எஞ்சியோர் 200 பேருக்கும் குறைவே.

1537இல் அவர்கள் ஆண்டிஸ் மலைமீது வாழ்ந்த முயிஸ்கா மக்களின் நாட்டை அடைந்தனர். அம்மக்கள் உழவும் நெசவும் அறிந்தவர்கள், உப்புக் காய்ச்சினர், சொமொந்தோகோ மலையில் மரகதம் தோண்டினர். படையினர் பொன்னையும் மரகதத்தையும் கொள்ளையிட்டனர். 1538இல் கெசாதா பொகோத்தா நகரை நிறுவினார். பகைவரை வெல்ல அவருடன் துணைநின்ற மன்னர் சகிபாவையே, புதையலைக் காட்டுமாறு வதைத்தனர். மன்னர் உயிர்நீத்தார்.

முதுமையிலும் பொன்னாட்டைத் தேடி அலைந்த கெசாதா, அதனைக் காணாமலே 1579இல் கடனாளியாக மாண்டார்.

மாணவச் செல்வங்களே! சட்டம் கற்றவரிடம் அறம் இல்லை. அறமில்லாக் கல்வியால் யாருக்குப் பயன்?