சூரிய நமஸ்கார ராஜா

தஞ்சைச் சீமையில் ஒரு காலத்தில் தேகப்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. ஏர் பிடித்தவர்களுக்கும், நாற்றுக்கட்டு சுமந்தவர்களுக்கும், களத்தில் கதிர் அடித்தவர்களுக்கும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பயிற்சிதான். நடவு நட்ட பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தொந்தி என்பது திண்ணையில் சாய்ந்து வெற்றிலை போட்ட மிராசுதாரின் தனிச் சொத்து. இன்று உழவுக்கு டிராக்டர், நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம். வயலுக்குப் போவதுகூட மோட்டார் சைக்கிளில். தொந்தியும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது!

காசு செலவில்லாமல், வீட்டுக்குள்ளேயே, கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டும்படி ஒரு பயிற்சி கிடைக்காதா என்று இப்போது பலரும் தேடுகிறார்கள். இதே தேட்டத்தில் பாதி ஆயுளைச் செலவிட்டவர் ஒரு ராஜா. அவர் பெயர் பவான்ராவ் சீனிவாசராவ் பந்த் பிரதிநிதி. மராட்டிய நாட்டில், சதாரா பக்கத்தில் உள்ள ஔந்த் என்ற சின்னஞ்சிறு சமஸ்தானத்தின் அதிபதி. குடிமக்களுக்கு அவர் பாலா சாகேப்.

செஞ்சியில் பிறந்த பட்டம்

பெயரின் கடைசியில் இருக்கும் ‘பிரதிநிதி’ நம் தமிழ் மண்ணில் பிறந்த பட்டம். மொகலாயப் படைக்குத் தப்பி, சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக் கோட்டையில் இருந்து ஆண்ட காலத்தில் ஏற்படுத்திய பதவி அது. அப்போது தஞ்சையில் சிம்மாசனத்தில் இருந்தவர் அவருடைய பங்காளி சகஜி மன்னர். பிற்பாடு இந்தப் பதவி ஔந்த் குடும்பத்துக்கு வந்து, பட்டமே வீட்டுப் பெயராக ஒட்டிக்கொண்டது.

பவான்ராவ் பிறந்தது 1868 அக்டோபரில். புனா டெக்கான் கல்லூரியில் பி.ஏ. படித்தார். சித்திரம் வரைவார். சபையில் நின்று கீர்த்தனமும் செய்வார். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் நம் பக்கத்தில் புகழ்பெறச் செய்த ஹரிகதைக்குத் தாய்வீடு அந்த மராட்டியக் கீர்த்தனம்தான்.

உடம்பை வளர்ப்பதில் அவருக்குத் தீராத ஆசை. 1897-ல் சீமையிலிருந்து சாண்டோவின் புத்தகத்தையும் கருவிகளையும் வாங்கினார். பயில்வான் சாண்டோவின் பெயர் அப்போது உலகமெங்கும் அடிபட்டது. ராஜ குமாரரும் பத்து வருஷம் விடாமல் அவர் சொன்னபடியே செய்தார். உடம்பு தேறியது. ஆனால் கருவி இல்லாமல் எதுவும் நடக்காது. ஏழைக் குடியானவன் இதற்கு எங்கே போவான்?

நாற்பதாவது வயதில் ஒரு திருப்பம். மீரஜ் சமஸ்தானத்து ராஜா தினமும் சூரிய நமஸ்காரம் செய்பவர். அவரைப் பார்த்து 1908-ல் பவான்ராவும் தொடங்கினார். மறு வருஷம் ஔந்த் சிம்மாசனம் அவருக்குக் கிடைத்தது. பயிற்சியை மட்டும் அவர் விடவே இல்லை.

பத்து நிலைகள்

சூரிய நமஸ்காரத்தை அவர் கண்டுபிடித்துவிடவில்லை. அது பழைய வழக்கம். பூஜையறையில் இருந்ததை ஒழுங்கான தேகப்பயிற்சியாக்கி ஊருக்குக் கொடுத்தது அவர் செய்த காரியம். நின்று கை கூப்புவது, முழங்கால் மடங்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிப்பது, ஒரு காலைப் பின்னுக்கு நீட்டுவது, பிறகு இரண்டு காலையும் நீட்டுவது, உடம்பைத் தாழ்த்தித் தரையைத் தொடுவது, மார்பை நிமிர்த்துவது, இடுப்பை உயர்த்துவது, பிறகு வந்த வழியே எழுந்து நிற்பது என்று மொத்தம் பத்து நிலைகள். வேண்டிய இடம் ஒரு பாய் அளவு.

இதில் தண்டாலும் இருக்கிறது, பஸ்கியின் சாயலும் இருக்கிறது. கை, தோள், இடுப்பு, தொடை எல்லாம் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன. நிறுத்தாமல் வேகமாகச் செய்தால் நாடி ஓட்டம் ஏறி, மாடிப்படி ஏறியவர்போல் மூச்சு வாங்கும். நவீனப் பயிற்சிகளில் இருதயத்துக்கு நல்லது என்று சொல்லப்படுவது இந்த மூச்சு வாங்கலைத்தான்.

ஔந்த் பள்ளிக்கூடங்களில் ராஜா இதைப் பாடமாக்கினார். ராணியும் செய்தார். பெண்களுக்கு இது ஏற்றது என்று ராஜா வற்புறுத்தியது அந்த நாளில் துணிச்சலான விஷயம். ஆரோக்கியம், திறமை, நீண்ட ஆயுள் மூன்றுக்கும் இதுவே வழி என்று ஆங்கிலத்தில் புத்தகமும் எழுதினார். அவர் கொஞ்சம் அதிகமாகவே வாக்களித்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். நமஸ்காரம் செய்துவிட்டு ஒரு படிச் சோறு சாப்பிட்டால் எடை இறங்காது. ரத்த அழுத்தமோ முதுகுவலியோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குனியவும் கூடாது.

1936-ல் அவர் லண்டன் போனபோது வயது 67. அந்த வயதில் அவருக்கு இருந்த கட்டுடல் லூயிஸ் மார்கன் என்ற பத்திரிகைப் பெண்மணியை அசத்திவிட்டது. அவர் செப்பனிட்டுக் கொடுத்த ராஜாவின் புத்தகம் 1938-ல் லண்டனில் வெளியாயிற்று. வெள்ளைக்காரர் கருவியை வாங்கிப் பழகியவர், வெள்ளைக்காரர்களுக்கே கருவி இல்லாத பயிற்சியைக் கொடுத்துவிட்டார்!

கொடுத்த கை அங்கே நிற்கவில்லை. காந்தியடிகளின் யோசனைப்படி 1939-ல் ஔந்துக்கு ஓர் அரசியல் சட்டம் வந்தது. எழுபது வயது ராஜா ஆட்சி அதிகாரத்தைக் கிராமப் பஞ்சாயத்துகளின் கையில் ஒப்படைத்தார். மகன் அப்பா பந்தும், போலந்து நாட்டு எஞ்சினீயர் மாரிஸ் ஃபிரிட்மனும் அந்த வேலையில் முன்னின்றார்கள். 1948-ல் சமஸ்தானம் பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. 1951 ஏப்ரல் 13 அன்று, 82-வது வயதில் ராஜா காலமானார்.

தஞ்சை மாணவர்

இந்தக் கதையில் தஞ்சைக்கும் ஒரு பங்கு உண்டு. பத்தமடை குப்புசாமி என்ற வாலிபர் 1900-களில் தஞ்சாவூர் மருத்துவப் பள்ளியில் படித்தார். மலேயாவில் டாக்டராக இருந்தார். பிறகு ரிஷிகேசம் போய்ச் சுவாமி சிவானந்தர் ஆனார். வீட்டில் இருந்தபடியே ஆசனம் பழகுவதற்கு நிறையப் புத்தகங்கள் எழுதினார். அவருடைய ஆசிரமத்தார் பரப்பிய சூரிய நமஸ்காரத்தில் நிலைகள் பன்னிரண்டு. ராஜாவின் பத்தோடு, கைகளை மேலே தூக்கிப் பின்னால் வளைவது தொடக்கத்தில் ஒரு தரம், முடிவில் ஒரு தரம். இன்று நம் வீடுகளில் பலரும் செய்வது இந்தப் பன்னிரண்டைத்தான்.