மக்குப் பிள்ளை யாருமில்லை!

குட்டி நண்பர்களே! திருவண்ணாமலை பக்கத்து வேங்கிக்காலாக இருந்தாலும் சரி, சென்னையாக இருந்தாலும் சரி, 'மாண்டிசோரி' என்ற பெயரை ஏதாவது ஒரு பள்ளியின் பலகையில் பார்த்திருப்பீர்கள். அது ஒரு பெண்மணியின் பெயர் என்பது தெரியுமா?

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31-ஆம் தேதி இத்தாலியில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1896-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

ரோம் நகரில், படிப்பு ஏறாது என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளை மனநோயாளிகளோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் தரையில் கிடக்கும் ரொட்டித் துணுக்குகளைத் தேடுவார்கள். அதைப் பேராசை என்று காவல் பெண் வெறுத்தாள். மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். தொட்டு விளையாட அங்கே ஒரு பொருள்கூட இல்லை! அந்தப் பிள்ளைகளின் கைகள் தேடியது உணவை அல்ல, வேலையை என்று புரிந்துகொண்டார்.

1900-இல் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றை நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கே பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் தையல் வரவில்லை. மரியா அவளைத் திட்டவில்லை. தையலை நிறுத்திவிட்டு, காகிதப் பட்டைகளைப் பாய் முடைவது போலப் பின்னக் கொடுத்தார். அது நன்றாகக் கைவந்த பிறகு, மறுபடி ஊசியைக் கொடுத்தார். இப்போது அவள் தைத்தாள்! அவளிடம் குறை இல்லை. நடுவில் ஒரு படிதான் விடுபட்டிருந்தது.

எழுத்துகளை மரத்தில் செய்து, விரலால் தடவிப் பார்க்கச் செய்தார். அந்தக் குழந்தைகளில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, சாதாரணப் பள்ளி மாணவர்கள் எழுதும் தேர்வையே எழுதித் தேறினார்கள். ஊரே வியந்தது. மரியாவுக்கோ வேறு கவலை! இவர்களே தேறும்போது, நல்ல வசதியுள்ள பள்ளிப் பிள்ளைகள் இன்னும் எவ்வளவு முன்னேறியிருக்க வேண்டும் என்று யோசித்தார்.

1907 ஜனவரி 6-ஆம் தேதி, ரோமின் ஏழைகள் பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். ஆசிரியர் முதலில் குழந்தையைக் கவனிக்க வேண்டும், பிறகுதான் கற்பிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த வழி.

1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டே உலகப் போரில் இத்தாலி இறங்கியது. எதிரி நாட்டவர் என்று ஆங்கிலேய அரசு அவருடைய மகன் மரியோவைக் காவலில் வைத்தது. தாயின் எழுபதாவது பிறந்த நாளில்தான் மகன் விடுதலையானார். அந்த வேதனையிலும் பயிற்சி வேலையை மரியா விடவில்லை. கொடைக்கானலிலும் சில காலம் தங்கிப் பணியாற்றினார். 1952-இல், 81-ஆம் வயதில் நெதர்லாந்தில் காலமானார்.

நண்பர்களே, உங்களுக்குக் கணக்கு வரவில்லையா? எந்தப் படியில் தடுக்குகிறது என்று ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் திணறினால், கேலி செய்யாமல் அந்த ஒரு படியைக் கடக்கக் கை கொடுங்கள். செய்வீர்கள்தானே?