பிகாச்சுவைச் சண்டை மேடை ஏற்றியவர்!

குட்டீஸ்... தென்காசி மாவட்டம், சங்கரன்கோவிலில் நடக்கும் ஆடித்தபசு திருவிழாவைப் பார்த்திருக்கிறீர்களா? சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்களுக்குள், சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாக்குவாதம் வந்ததாம். கோமதி அம்மன் தவம் இருக்க, இருவரும் ஒரே உருவில் சங்கரநாராயணராகக் காட்சி தந்தனர் என்பது, அந்தக் கோவிலின் கதை.

'யார் பெரியவர்?' என்ற கேள்வி, வீடியோ கேம் விளையாடும் பிள்ளைகளையும் விடவில்லை. பிகாச்சுவும், மரியோவும் மோதினால் யார் ஜெயிப்பார்? பிகாச்சு, போக்கிமான் விளையாட்டில் வரும் மஞ்சள் நிறக் குட்டி. மரியோவோ, தொப்பியும் மீசையும் வைத்த குழாய் ரிப்பேர்காரர். இருவரும் வேறு வேறு விளையாட்டுகளில் வாழ்பவர்கள். சந்திக்க வழியே இல்லை. அந்த வழியை உண்டாக்கியவர்களில் ஒருவர்தான், சடோரு இவாட்டா!

ஜப்பானின் சப்போரோ நகரில், 1959, டிசம்பர் 6ல் பிறந்தார் இவாட்டா. பள்ளியில் படிக்கும்போதே, புரோகிராம் எழுதக்கூடிய ஒரு கால்குலேட்டர் அவர் கைக்கு வந்தது. மற்றவர்கள் அதில் கணக்குப் போட, இவரோ விளையாட்டுகளை உருவாக்கி நண்பனுக்குக் காட்டி மகிழ்ந்தார்.

டோக்கியோவில் கம்ப்யூட்டர் படித்து, 1982ல் பட்டம் பெற்றதும், 'ஹால் லேபரட்டரி' என்ற குட்டி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். படிக்கும்போதே பகுதி நேரமாக வேலை பார்த்த இடம் அது. அவரது அப்பா, முரோரான் நகர மேயர். பெரிய கம்பெனிக்குப் போகாமல், விளையாட்டு செய்யப் போகிறானே என்று வருந்தி, ஆறு மாதம் மகனோடு பேசவே இல்லை!

இவாட்டா மனம் தளரவில்லை. வேலையில் சூரர் என்று பெயர் எடுத்தார். ஆனால், 1990களின் தொடக்கத்தில் நிறுவனம் 150 கோடி யென் கடனில் மூழ்கியது. கதவைச் சாத்த வேண்டிய நிலை. 1993ல் தலைவர் பொறுப்பு, 33 வயது இவாட்டாவின் தோளில் விழுந்தது. அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஊழியர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, குறைகளைக் கேட்டார். பிறகு எல்லாரும் சேர்ந்து உழைத்தனர். சில ஆண்டுகளில் முழுக்கடனும் அடைந்தது.

இந்த நேரத்தில்தான், 1996ல், 'கேம் பாய்' என்ற கையடக்கக் கருவியில் போக்கிமான் வந்து, ஜப்பானையே கலக்கியது. காட்டிலும் புல்வெளியிலும் விந்தை உயிர்களைப் பிடித்து, பழக்கி, போட்டிக்கு அனுப்பும் விளையாட்டு அது. அதன் சண்டைப் பகுதியை, டிவியில் ஆடும் பெரிய கருவிக்கு மாற்ற வேண்டியிருந்தது. விளக்கக் குறிப்பு எதுவும் இல்லை. இவாட்டா, வேறொருவர் எழுதிய புரோகிராமை வரி வரியாகப் படித்து, ஒரே வாரத்தில் வேலையை முடித்தார்!

அதே காலத்தில், உடன் வேலை பார்த்த மசஹிரோ சகுராய், நான்கு பேர் சேர்ந்து ஆடும் சண்டை விளையாட்டு ஒன்றைத் திட்டமிட்டார். அதற்குப் புரோகிராம் எழுதியவர் இவாட்டா. நிறுவனத்தின் தலைவராக இருந்தும், சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து எழுதினார். முதலில் அதில், பெயர் தெரியாத வெறும் உருவங்களே இருந்தன. தெரிந்த முகங்கள் இருந்தால்தானே பிள்ளைகளுக்குப் பிடிக்கும்? எனவே, மரியோவும், டாங்கி காங்கும் மேடை ஏறினர். கூடவே பிகாச்சுவும்!

'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' என்ற அந்த விளையாட்டு, 1999 ஜனவரியில் வெளியானது. மொத்தம் 12 வீரர்கள். பிகாச்சு மின்னலை இறக்கும். ஜிக்லிபஃப் பாட்டுப் பாடியே எதிரியைத் தூங்க வைக்கும். பந்தை வீசினால், வேறு போக்கிமான்களும் உதவிக்கு ஓடி வரும். எதிரியை மேடைக்கு வெளியே தள்ளினால் வெற்றி!

அடுத்த ஆண்டே, நிண்டெண்டோ நிறுவனத்தில் சேர்ந்தார் இவாட்டா. 2001ல், இரண்டாவது ஸ்மாஷ் விளையாட்டு பிழைகளால் தடுமாறியபோது, அந்தப் பெரிய அதிகாரி, மூன்று வாரம் பழைய இடத்திற்கே வந்து, பிழைகளைத் தேடித் திருத்தினார். 2002ல், நிண்டெண்டோவின் தலைவரானார். நிறுவனர் குடும்பத்தைச் சேராத முதல் தலைவர் அவர்தான்! 2014ல் விற்பனை சரிந்தபோது, சில மாதங்களுக்குத் தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக் கொண்டார்.

பித்த நாளத்தில் வந்த கட்டி, அவரை விடவில்லை. 2015, ஜூலை 11ல், 55 வயதில் மறைந்தார். அதற்கு முன், சகுராயிடம் கடைசியாக ஒரு வேலையை ஒப்படைத்திருந்தார். அதுதான், 2018ல் வெளியான அடுத்த ஸ்மாஷ். முந்தைய விளையாட்டுகளில் வந்த வீரர்கள், ஒருவர் விடாமல் அதில் திரும்பி வந்தனர். ஒப்படைத்தவர்தான், அதைப் பார்க்க இல்லை.

சரி, பிகாச்சுவா, மரியோவா... யார் ஜெயிப்பார்? அது, பட்டனை அழுத்தும் விரல்களின் சாமர்த்தியத்தில் இருக்கிறது குட்டீஸ். ஆனால், அவர்களை ஒரே மேடையில் பார்க்கும்போதெல்லாம், விடுமுறை நாளிலும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த அந்தத் தலைவரையும் நினைத்துக் கொள்ளுங்கள்!