ராமன் அறை வாசலில் உட்கார்ந்த மாணவி

கோலார் தங்கவயல்காரர்களுக்கு சயனைடு மேட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காற்றடிக்கும் மாதங்களில் அந்த மேட்டின் தூசி வீட்டுக்குள் வந்து பாயிலும் பாத்திரத்திலும் படியும். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்தது போக மிஞ்சிய மண் அது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போய்விட்டது. மேடு நிற்கிறது.

சயனைடு விஷம் என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் படிப்புக்கு உயிர் ரசாயனம் என்று பெயர்.

தங்கவயலிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பெங்களூர். அங்கே, 1933-ம் ஆண்டில், ரசாயனத்தில் மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஒரு பெண் வந்து நின்றார். பெண்களுக்கு இடம் இல்லை என்று சொன்னார்கள். அவர் திரும்பிப் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் பெயர் கமலா பாகவத். பின்னாளில் டாக்டர் கமலா சோஹோனி.

ரசாயனக் குடும்பம்

கமலா 1911-ம் ஆண்டு இந்தூரில் பிறந்தார். மராத்திக் குடும்பம். தந்தை நாராயணராவ் பாகவத், சிறிய தந்தை மாதவராவ் பாகவத் இருவரும் ரசாயனம் படித்தவர்கள். இருவருமே பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பழைய மாணவர்கள். பெங்களூர்க்காரர்கள் இன்றும் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்று சொல்கிறார்களே, அதே இடம்தான். கமலாவின் அக்கா துர்கா பாகவத் மராத்தி இலக்கியத்தில் பெரும் புகழ் பெற்ற எழுத்தாளர்.

வீட்டில் படிப்புக்குத் தடை சொல்ல ஆள் இல்லை. பம்பாயில் பி.எஸ்சி. படித்தார் கமலா. ரசாயனம் முக்கியப் பாடம், பௌதிகம் துணைப் பாடம். 1933-ல் பல்கலைக்கழகத்தில் முதல் இடத்தில் தேறினார். அப்பாவும் சித்தப்பாவும் படித்த இடத்திலேயே மேலே படிக்க வேண்டும் என்று விண்ணப்பம் போட்டார். மதிப்பெண் இருக்கிறது, குடும்பத்தின் பெயரும் இருக்கிறது. இடம் கிடைக்காமல் போகும் என்று அவர் நினைக்கவே இல்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

நிராகரித்தவர் யார்?

இங்கேதான் நாம் கொஞ்சம் தயங்க வேண்டியிருக்கிறது. விண்ணப்பத்தை மறுத்தவர் வெளிநாட்டுத் துரை அல்ல. திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-ல் நோபல் பரிசு வாங்கி, நம் எல்லோரையும் தலைநிமிர வைத்த சர் சி.வி. ராமன்தான். 1933-ல் அவர் அந்தக் கழகத்தின் டைரக்டர் பொறுப்பை ஏற்றார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்.

பெண்களால் ஆராய்ச்சிக்கு ஈடுகொடுக்க முடியாது என்பது ராமனின் எண்ணம். பெண் என்ற ஒரே காரணத்துக்காகத் தனக்கு இடம் மறுக்கப்பட்டதைக் கமலாவே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ராமனின் பெருமையைப் பேசும்போது இதை மறைத்துவிடுவது சுலபம். ஆனால் பெரியவர்களும் தவறு செய்வார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதால் அவர்களுடைய கண்டுபிடிப்பு சிறுத்துவிடாது.

அது காந்தியடிகளின் காலம். கமலா பெங்களூர் வந்தார். என்ன குறை கண்டு மறுக்கிறீர்கள் என்று காரணம் கேட்டார். இடம் கிடைக்காமல் போவதில்லை என்று டைரக்டரின் அறை வாசலில் சத்தியாகிரகம் இருந்தார். கடைசியில் ராமன் இறங்கி வந்தார். ஆனால் நிபந்தனைகளோடு.

முதல் ஓராண்டு அவர் முறையான மாணவி அல்ல. அந்த ஆண்டின் வேலை டைரக்டருக்குத் திருப்தி அளித்தால்தான் அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கும் ஆண்களின் கவனம் அவரால் கெடக்கூடாது. கூடவே படித்த ஆண் பிள்ளைகள் யாருக்கும் இல்லாத நிபந்தனைகள் இவை. கமலா மனம் புண்பட்டார். இருந்தாலும் ஒப்புக்கொண்டார். உள்ளே போவதற்கு அவருக்கு வேறு வழி இல்லை.

அவருக்கு வாய்த்த ஆசிரியர் சீனிவாசய்யா. வேலையில் மிகக் கண்டிப்பானவர். ஆனால் படிக்க விரும்புகிறவர்களுக்கு அள்ளிக் கொடுப்பவர். பால், பயறு, பருப்பு ஆகியவற்றில் உள்ள புரதங்களைப் பிரித்து ஆராயும் வேலையைக் கமலா எடுத்துக்கொண்டார். ஏழை வீட்டில் இறைச்சி தினமும் கிடையாது. பருப்புதான் அங்கே புரதம். அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது வெறும் ஏட்டு ஆராய்ச்சி அல்ல.

ஓராண்டு முடிந்தது. ராமன் திருப்தி அடைந்தார். கமலா முறையான மாணவி ஆனார். அதன் பிறகு அந்தக் கழகத்தில் பெண்களுக்கு இடம் தரத் தொடங்கினார்கள். 1940-ல் பீர்மேட்டைச் சேர்ந்த அன்னா மாணி ராமனின் சொந்த ஆராய்ச்சிக்கூடத்திலேயே சேர்ந்தார். பின்னாளில் அவர் நாடறிந்த வானிலை விஞ்ஞானி ஆனார். ஒரு பெண் வாசலில் உட்கார்ந்ததன் பலன் பலருக்குக் கிடைத்தது.

உருளைக்கிழங்கும் சயனைடும்

1936-ல் எம்.எஸ்சி. பட்டம். அடுத்த ஆண்டு உதவித்தொகை பெற்று இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ் சென்றார். நியூன்ஹாம் பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார். வைட்டமின் ஆராய்ச்சிக்காக 1929-ல் நோபல் பரிசு பெற்ற ஹாப்கின்ஸ் என்பவரின் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. முதலில் டாக்டர் ரிக்டரிடமும் பிறகு ராபின் ஹில் என்பவரிடமும் வேலை பார்த்தார்.

தாவரங்களில் ஆராய்ச்சி செய்தபோது, உருளைக்கிழங்கில் சைட்டோகுரோம் சி என்ற பொருள் இருப்பதைக் கமலா கண்டார். தாவரத்தின் ஒவ்வொரு செல்லிலும் அது இருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. பெயர்தான் வாயில் நுழையவில்லை. விஷயம் எளிது.

தீ அணைக்கும்போது ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவதை எண்ணிப் பாருங்கள். நாம் சாப்பிடும் சோற்றிலிருந்து சக்தியை எடுக்க நம் செல்களுக்குள்ளும் அப்படி ஒரு வரிசை நிற்கிறது. உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனைச் சேர வேண்டும். அந்த வரிசையில் கடைசிக்கு முந்தைய ஆள் சைட்டோகுரோம் சி. அவரிடமிருந்து வாளியை வாங்கி ஆக்சிஜனிடம் கொடுக்க வேண்டிய கடைசி ஆள் ஒரு என்சைம். அதற்குள் இரும்பு இருக்கிறது.

சயனைடு உள்ளே போனதும் நேராக அந்தக் கடைசி ஆளின் கையைத்தான் பிடிக்கிறது. அதிலுள்ள இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. வரிசை முழுவதும் நின்றுவிடும். மூச்சு இழுத்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும். ஆனால் செல்லுக்கு அதைப் பயன்படுத்த முடியாது. காற்று இருந்தும் உயிர் மூச்சு முட்டிப் போகிறது. தங்கவயலில் தங்கத்தைக் கரைத்த அதே பொருள் மனிதனைக் கொல்லும் வழி இதுதான்.

நம் உடம்பில் நிற்கும் அந்த வரிசையின் ஒரு கண்ணி உருளைக்கிழங்கிலும் இருக்கிறது என்றால் என்ன பொருள்? மனிதனும் செடியும் மூச்சு விடும் முறையில் சொந்தக்காரர்கள் என்று பொருள். அந்த ஆய்வைக் கமலா 14 மாதத்தில் முடித்தார். சுமார் 40 பக்கம் கொண்ட சிறிய ஆய்வேடுதான். 1939-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது.

விஞ்ஞானத்தில் பிஎச்.டி. பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று அவரைச் சொல்வது வழக்கம். சென்னையில் படித்த தலச்சேரி ஜானகி அம்மாள் தாவர இயலுக்காக அமெரிக்காவில் 1931-லேயே டாக்டர் பட்டம் பெற்றிருக்கிறார். அவரையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆண்களுக்குச் சமமான முழு உரிமையைப் பெண்களுக்குக் கொடுத்தது 1948-ல்தான். பெங்களூரில் மட்டும் கதவு சாத்தியிருக்கவில்லை.

குன்னூரும் பதநீரும்

படித்த ஊரிலேயே தங்கிவிடவில்லை கமலா. 1939-ல் நாடு திரும்பினார். டில்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் உயிர் ரசாயனத் துறையின் தலைவர் ஆனார். பிறகு நமது நீலகிரிக்கு வந்தார். அந்த நாளில் குன்னூரில் இருந்த உணவுச் சத்து ஆராய்ச்சிக்கூடத்தில் உதவி டைரக்டராக இருந்து வைட்டமின்களைப் பற்றி ஆராய்ந்தார். 1947-ல் எம்.வி. சோஹோனி என்பவரை மணந்து பம்பாய்க்குக் குடிபோனார். அங்கே விஞ்ஞானக் கல்லூரியான இன்ஸ்டிடியூட் ஆப் சயன்ஸில் உயிர் ரசாயனப் பேராசிரியர் ஆனார்.

அங்கே அவரும் அவர் மாணவர்களும் ஆராய்ந்த பொருள்களைப் பாருங்கள். மொச்சை, அவரை, பதநீர். எல்லாம் நம் வீட்டுச் சமாச்சாரம்.

குளிர்காலத்தில் கோலார்ப் பக்கம் அவரைக்காய் வாசனை இல்லாத தெரு இல்லை. அந்தப் பயற்றில் டிரிப்சின் என்ற என்சைமைத் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. டிரிப்சின்தான் நம் குடலில் புரதத்தைச் செரிக்க வைப்பது. அது தடைப்பட்டால் சாப்பிட்ட புரதம் முழுதாக உடம்பில் ஒட்டாது. நன்றாக வேகவைத்தால் அந்தத் தடைப் பொருள் பெருமளவு அழிந்துவிடும். பயற்றை அரைவேக்காட்டில் இறக்காதே என்று பாட்டி சொன்னதற்கு ரசாயனக் காரணம் இதுதான்.

பதநீரை ஆராயும்படி யோசனை சொன்னவர் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத். வடக்கே நீரா என்பார்கள். அதில் வைட்டமின்களும் இரும்புச் சத்தும் இருப்பதைக் கமலா கண்டார். சத்துக் குறைந்த ஏழைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது உதவும் என்று காட்டினார். அந்த ஆராய்ச்சிக்காகக் குடியரசுத் தலைவரின் விருது கிடைத்தது.

அவ்வளவு செய்தும், அந்தக் கல்லூரியின் டைரக்டர் பதவி தகுதி இருந்தும் அவருக்கு உடனே வரவில்லை. நான்கு ஆண்டுகள் தாமதமாயிற்று. பெண் என்பதே காரணம் என்று சொல்லப்படுகிறது. 1933-ல் வாசலில் உட்கார்ந்தவர், தலைமுடி நரைக்கும் வயதிலும் மறுபடி காத்திருந்தார். பதவிக்கு வந்தார். ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. நுகர்வோர் சங்கத்தில் சேர்ந்து, உணவுக் கலப்படம் பற்றி மக்களுக்குப் புரியும்படி கட்டுரைகள் எழுதினார். 1998-ல் காலமானார்.

இன்று வாசலில் நிற்பது யார்?

டாட்டா இன்ஸ்டிடியூட் வாசலில் இன்று எந்தப் பெண்ணும் சத்தியாகிரகம் இருக்க வேண்டியதில்லை. தேர்வில் தேறினால் இடம் உண்டு. மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் பெங்களூர் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆனால் நிபந்தனைகள் ஒழிந்துவிட்டனவா? பி.யு.சி. முடித்த பெண் ரசாயனம் படிக்கிறேன் என்கிறாள். ஆராய்ச்சிக்கூட வகுப்பு முடிந்து இருட்டியபின் ரயிலில் வருவாயா, இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய், ஒரு வருஷம் போய்ப் பார், பிறகு யோசிக்கலாம் என்கிறோம். ராமன் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார். அவர் கல்லூரியில் சொன்னார். நாம் வீட்டில் சொல்கிறோம்.

ராமனுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஓராண்டு வேலையைப் பார்த்தபின் அவர் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். கதவைத் திறந்தார். நாராயணராவ் பாகவத்தோ முதல் நாளிலிருந்தே மகள் பக்கம் நின்றார்.

நம் வீட்டு வாசலில் ஒரு பெண் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், அவளை எத்தனை நாள் உட்கார வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது.