30 கோட்டில் தொடங்கிய 4கே: யார் இந்த ஜான் லோகி பேர்டு?

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பேரம் பேசி ஒரு பழைய மானிட்டர் வாங்கியாச்சு. வீட்டுக்கு வந்து பிளேஸ்டேஷனை மாட்டினால் படமும் வருது. ஆனா ஏன் தெளிவா இல்லை? செட்டிங்ஸில் 720பி, 1080ஐ, 1080பி, 2160பி என்று வரிசையாக இருக்கிறதே, எதைத் தேர்வு செய்வது?

இந்த எண்கள் எல்லாமே ஒரு படத்தில் மேலிருந்து கீழாக எத்தனை கோடுகள் இருக்கின்றன என்ற கணக்குதான். அந்தக் கணக்கை 30-ல் தொடங்கி வைத்தவர் ஜான் லோகி பேர்டு. டி.என்.பி.எஸ்.சி. பொது அறிவுப் புத்தகங்களில், தொலைக்காட்சியைக் கண்டுபிடித்தவர் என்று ஒரே வரியில் முடிந்துபோகும் பெயர். அந்த ஒரு வரிக்குள் அடங்காத வாழ்க்கை அவருடையது. உலகுக்கு முதலில் காட்டியவர் அவர்தான். ஆனா போட்டியில் ஜெயித்தது வேறு ஒருவர்.

சாக்ஸ், ஜாம், சோப்பு

1888 ஆகஸ்ட்டில் ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பரோ என்ற ஊரில் பிறந்தார் பேர்டு. அப்பா தேவாலயப் போதகர். மகனுக்குச் சிறுவயதிலிருந்தே உடம்பு ஒத்துழைக்கவில்லை. கிளாஸ்கோவில் மின் பொறியியல் படித்தவரை, முதல் உலகப் போரின்போது உடல் தகுதி இல்லை என்று ராணுவம் திருப்பி அனுப்பியது.

மின்சார நிறுவனத்தில் கொஞ்ச நாள் வேலை. பிறகு சொந்தத் தொழில். கால் ஈரமாகாமல் காக்கும் உள் சாக்ஸ் விற்றார். டிரினிடாட் தீவுக்குப் போய் ஜாம் காய்ச்சினார். சர்க்கரை வாசனைக்குப் பூச்சிகள் மொய்த்ததுதான் மிச்சம். லண்டன் திரும்பி சோப்பு வியாபாரத்தில் இறங்கினார். எதுவும் நிலைக்கவில்லை.

1923-ல் உடல்நலம் கெட்டு, ஓய்வுக்காக ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊருக்கு வந்தார். அங்கேதான் படத்தை அலையாக அனுப்பும் யோசனையைக் கையில் எடுத்தார். கையில் காசு இல்லை. தொப்பிப் பெட்டி, கத்தரிக்கோல், தையல் ஊசிகள், சைக்கிள் விளக்கு லென்ஸ், தேயிலைப் பெட்டி, அரக்கு என்று கிடைத்ததை வைத்தே கருவி செய்தார். 1924-ல் பலமான ஷாக் அடித்து கையில் தீக்காயம். இடத்துக்குச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பேர்டு லண்டனின் ஃபிரித் தெருவில் ஒரு மாடி அறைக்கு மாறினார்.

கோடு எங்கிருந்து வந்தது?

பேர்டு கையாண்ட தத்துவம் அவருடையது அல்ல. 1884-லேயே ஜெர்மனியின் பால் நிப்கோ காப்புரிமைக்கு விண்ணப்பித்த சுழலும் வட்டு அது. வட்டில் சுருள் வடிவத்தில் துளைகள் இருக்கும். வட்டு சுற்றும்போது ஒவ்வொரு துளையும் காட்சியின் மேல் ஒரு கோடு இழுக்கும். 30 துளை என்றால் 30 கோடு. அந்தக் கோட்டில் எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்பதை மின்சாரமாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் அதே வேகத்தில் சுற்றும் இன்னொரு வட்டு வழியாகத் திரும்பப் படமாக்க வேண்டும்.

1925 அக்டோபர் 2 அன்று ஒரு பொம்மைத் தலை, நிழலுருவமாக இல்லாமல் வெளிச்சமும் நிழலுமாகத் திரையில் தெரிந்தது. பேர்டு கீழ்த்தளத்துக்கு ஓடி, அங்கே வேலை பார்த்த வில்லியம் டெயின்டன் என்ற பையனை அழைத்துவந்து விளக்குகளின் முன்னால் உட்கார வைத்தார். சூடு தாங்காமல் பையன் நகர்ந்துவிட, கையில் காசு கொடுத்துத் திரும்ப உட்கார வைக்க வேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரிந்த முதல் மனித முகம் அவனுடையது. 1926 ஜனவரி 26 அன்று ராயல் இன்ஸ்டிடியூஷன் உறுப்பினர்கள் முன்னிலையில் செய்துகாட்டினார்.

அந்தப் படம் இன்றைய ரீல்ஸ் போல உயரவாக்கில் இருந்தது. 30 கோடுகளும் செங்குத்தானவை. இன்றைய பிக்சல் கணக்கில் சொன்னால் மொத்தம் சுமார் 2,100 புள்ளிகள். ஒரு ஃபுல் எச்.டி. மானிட்டரில் 1920 x 1080, அதாவது 20,73,600 பிக்சல்கள். கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. 4கே-வில் 3840 x 2160, சுமார் 83 லட்சம்.

ஏன் 30-ஓடு நிறுத்தினார்?

1928-ல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி நியூயார்க் பக்கம் படம் அனுப்பினார். அதே ஆண்டு கலர் படமும் காட்டினார். 1929-ல் பி.பி.சி. டிரான்ஸ்மிட்டர் வழியாக ஒளிபரப்பு தொடங்கியது. ஆனா கோடு மட்டும் 30, வினாடிக்கு 12.5 படங்கள்தான். காரணம், பாதை. சாதாரண ரேடியோ அலைவரிசை குரலைச் சுமக்க உருவானது. 30 கோடுகளுக்கு மேல் அதில் அடைக்க இடமில்லை.

எச்.டி.எம்.ஐ. விஷயத்திலும் இதே கதைதான். 1.4 வகை போர்ட்டில் 4கே படம் வினாடிக்கு 30 தடவைதான் போகும். 60 வேண்டும் என்றால் 2.0 தேவை. 120-க்கு 2.1. கன்சோல், கேபிள், மானிட்டர் மூன்றில் எது பலவீனமோ, அதுதான் படத்தின் தரம்.

240-க்கும் 405-க்கும் சண்டை

1936 நவம்பர் 2 அன்று லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து பி.பி.சி. முறையான தொலைக்காட்சி சேவையைத் தொடங்கியது. ஒரு வாரம் பேர்டின் 240 கோடு முறை, மறுவாரம் மார்கோனி-இ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 கோடு முறை என்று மாறி மாறி ஒளிபரப்பு.

பேர்டின் ஸ்டூடியோ கேமராவை நகர்த்தவே முடியாது. முதலில் ஃபிலிமில் படம்பிடித்து, உடனே கழுவி, அதை ஸ்கேன் பண்ண வேண்டும். நேரலை என்றாலும் சுமார் ஒரு நிமிட லேக். எதிரணியிடம் இருந்தது சுழலும் பாகமே இல்லாத மின்னணு கேமரா. நவம்பர் 30 இரவு கிரிஸ்டல் பேலஸ் தீப்பிடித்து எரிந்தபோது, அங்கிருந்த பேர்டு நிறுவன ஆய்வகங்களும் அழிந்தன. 1937 பிப்ரவரியில் பி.பி.சி. அவரது முறையைக் கைவிட்டது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பேர்டின் 240 கோடுகளும் ஒரே வீச்சில் வரும். இன்றைய பி அதுதான். எதிரணியின் 405 கோடுகளில் ஒற்றைப்படைக் கோடுகள் முதலில், இரட்டைப்படைக் கோடுகள் அடுத்து. இன்றைய ஐ அது. குறைந்த பாதையில் நிறையக் கோடு, குறைந்த மினுக்கல் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. 1975-ல் தொடங்கிய மெட்ராஸ் தூர்தர்ஷனின் 625 கோடுகளும் இந்த வகைதான்.

உங்க மானிட்டரில் என்ன பார்க்கணும்?

* 1080ஐ, 1080பி இரண்டும் வந்தால் 1080பி-யைத் தேர்வு செய்யலாம். வேகமான கேமில் ஐ முறையில் ஓரங்கள் சீப்புப் பல் போலப் பிரியும்.

* பழைய 18.5 அங்குல மானிட்டர்கள் பலவற்றின் சொந்த ரெசல்யூஷன் 1366 x 768. பிளேஸ்டேஷன் 4 அனுப்புவதோ 720 அல்லது 1080. இரண்டும் பொருந்தாததால் மானிட்டர் படத்தை இழுத்தோ சுருக்கியோ காட்டும். எழுத்து மங்குவது அதனால்தான். மானிட்டர் ரிப்பேர் இல்லை.

* பிளேஸ்டேஷன் 5-ல் 1440பி வசதி 2022 செப்டம்பர் அப்டேட்டில்தான் வந்தது. 1440பி மானிட்டர் வைத்திருப்பவர்கள் அப்டேட்டைச் சரிபார்ப்பது நல்லது.

* வி.ஜி.ஏ. மட்டும் உள்ள மானிட்டருக்கு கன்வெர்ட்டர் வேண்டும். அந்தக் கேபிளில் சத்தம் போகாது. ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ தனி வழி பார்க்கணும்.

கடைசிக் கணக்கு

தோற்ற பிறகும் பேர்டு நிறுத்தவில்லை. 1939-ல் போரால் ஒளிபரப்பு நின்றது, நிறுவனம் மூழ்கியது. சொந்தச் செலவில் ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 1944 ஆகஸ்ட்டில் சுழலும் வட்டே இல்லாத, முழு மின்னணு கலர் திரையைச் செய்துகாட்டினார். ஒரு காலத்தில் வட்டை விடாமல் பிடித்திருந்தவர், அதைத் தானே விட்டுவிட்டார். போருக்குப் பின் பிரிட்டன் 1,000 கோடு கலர் தொலைக்காட்சிக்கு மாற வேண்டும் என்பது அவர் அரசுக் குழுவிடம் வைத்த யோசனை.

1946 ஜூன் 7 அன்று பி.பி.சி. ஒளிபரப்பை மீண்டும் தொடங்கியது, அதே 405 கோடுகளில். ஒரு வாரம் கழித்து, ஜூன் 14 அன்று, 57 வயதில் பேர்டு காலமானார். பிரிட்டனில் அந்த 405 கோடு ஒளிபரப்பு முழுமையாக நின்றது 1985-ல். அவர் கேட்ட 1,000 கோடு சாதாரண வீடுகளுக்கு 1080 என்ற எண்ணோடு வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.